மீன்வலை கட்டிய வராந்தா

ஒரு பொருள் ஒரே இடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் நோராவுக்குப் பொறுக்காது. காலையில் இட்லி வேகிற பத்து நிமிஷத்துக்குள் ஹாலில் இருக்கும் புத்தக அலமாரியைத் தனி ஆளாகத் தள்ளிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் சேர்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள். சாயங்காலம் கிண்டித் தொழிற்பேட்டையிலிருந்து திரும்பும் அவள் கணவன் ஸ்தனிஸ்லாஸ், அலமாரி மேல் சாவியை வைக்கக் கையை நீட்டி, வெறுஞ்சுவரைத் தடவி, அலமாரி எங்கே போயிற்று என்று தேடுவான்.

வீடுகளும் அப்படித்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் எட்டு வீடு மாறியாயிற்று. சாந்தோமில் இரண்டு, அடையாறில் மூன்று, கொட்டிவாக்கத்தில் ஒன்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒன்று, இப்போது மந்தைவெளி. மூன்று முறை வீட்டுக்காரர்கள் காலி பண்ணச் சொன்னார்கள். மீதியெல்லாம் நோராவே கிளப்பியது. கொட்டிவாக்கத்தில் உப்புக்காற்று பிரிட்ஜைத் தின்றது. அடையாறு வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு பாத்ரூம். இன்னொன்றில் குறை என்று எதையும் சொல்ல முடியவில்லை, ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்தனிஸ்லாஸ் எதிர்த்துப் பேசியதில்லை. அட்டைப்பெட்டிகளை மடித்துப் பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொள்வான்.

மந்தைவெளி வீடு பழைய தனி வீட்டின் கீழ்த்தளம். மாடியில் வீட்டுக்காரர் வேம்பு, எழுபத்திரண்டு வயது, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். அந்தத் தெருவில் கறி மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வீடு கிடைப்பது லேசில்லை. போனில் பெயரைச் சொன்னதுமே ஆறு பேர் "வீடு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார்கள். வேம்பு மட்டும்தான், மாடிக்கு வாசனை வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். இருபத்திரண்டாயிரம் வாடகை, பதினோரு மாத ஒப்பந்தம், மே மாதத்தோடு முடிகிறது.

இந்த வீட்டுக்கு முன்பக்கம் ஒரு வராந்தா உண்டு. பத்தடிக்கு ஆறடி, பச்சை பெயின்ட் உரிந்த கிரில், சிவப்புத் தரையில் குறுக்கே ஒரு விரிசல். கரண்ட் மீட்டர், மோட்டார் சுவிட்ச், செருப்பு ஸ்டாண்டு, காலி சிலிண்டர், யாரோ விட்டுப்போன அடிப்பக்கம் பிய்ந்த பிரம்பு நாற்காலி. முந்தின ஏழு வீட்டிலும் கதவைத் திறந்தால் மாடிப்படி, இல்லாவிட்டால் எதிர் பிளாட்டின் கதவு. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இப்படி ஓர் இடம் நோராவுக்கு இப்போதுதான் வாய்த்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எட்டு மாதமாகக் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

சாக்கு, மகள் ஷில்பாவின் புதுநன்மை ரூபத்தில், அதாவது கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் சடங்கின் ரூபத்தில் வந்தது. ஒன்பது வயது. சித்திரை இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் உறவுக்காரர்கள் இருபத்தைந்து பேர் வீட்டுக்கு வருவார்கள். வெள்ளை கவுன், மெழுகுவர்த்தி, பிரியாணி எல்லாம் போக வாசலுக்கு இரண்டாயிரம்தான் என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்லிவிட்டான். நோரா அதற்கும் தலையாட்டினாள். அவள் கணக்கு டீச்சர். சின்னத் தொகை அவளை ஒன்றும் செய்யாது.

மாசி முடிந்து கத்திரி வெயில் பிறப்பதற்குள் சென்னைக்கு ஐந்தாறு வாரம் கிடைக்கும். புங்கமரம் பழசை உதிர்த்துப் பளபளவென்று துளிர்க்கும். வேப்பம்பூ வாசனை ஓடுகிற பஸ்ஸுக்குள்ளேயே வரும். அந்த ஐந்தாறு வாரத்துக்குள் பூத்தாக வேண்டும் என்று தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன்கிழமையே அவள் வேலையைத் தொடங்கினாள். நெற்றியில் சாம்பல் அழியாமல் நேராக உபைத்தின் காயலான் கடைக்குப் போனாள். பெயின்ட் டப்பா ஆறு, யாரோ வீட்டை இடித்தபோது வந்த ஜன்னல் கதவு இரண்டு.

"இன்னா டீச்சர், இத்த வச்சி இன்னா பண்ணப்போற? கரையான் அரிச்சிக்கினு கீது பாரு," என்றார் உபைத். அவருக்கும் அவள் வயதுதான் இருக்கும். அரித்த பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்துக்கொள்கிறேன் என்று அவள் விலையைக் குறைத்தாள். எல்லாம் சேர்த்து முந்நூறுக்கு முடிந்தது.

டப்பாக்களைக் கழுவி அடியில் ஓட்டை போட்டு, இரண்டு மஞ்சள், நான்கு வெள்ளையாக அடித்தாள். ஸ்டாஃப் ரூமில் பாட்டிலில் வளர்ந்த மணிபிளான்டிலிருந்து நான்கு கணு. பத்துமணிப் பூவுக்குத் தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டே நடந்து, பூத்த வீடுகளில் கேட்டுக் கிள்ளி வந்தாள். சங்குப்பூ விதை, உரம், மண் மட்டும் காசு கொடுத்து வாங்கினாள். பிரம்பு நாற்காலிக்கு ஆரஞ்சு வயரில் தானே அடிப்பக்கம் பின்னினாள். பின்னியது முதல் தடவை தொங்கியது; பிரித்து மறுபடி பின்னினாள்.

சங்குப்பூக்கொடி படர ஏதாவது வேண்டும். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் பெசன்ட் நகரில் இருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பள்ளி விட்டதும் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் சங்கரா மீன் வாங்கப் போனவள், படகுக்கு அடியில் கிழிந்து கிடந்த நீல வலையைப் பார்த்தாள். வழக்கமாக மீன் விற்கும் அம்மா, குப்பைக்குப் போகிறதுதானே என்று மீனோடு சும்மா கொடுத்துவிட்டாள்.

வலை ஏறியதும் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாயிற்று. வீட்டில் சோப்புத்தூளில் மூன்று தண்ணீர், எலுமிச்சம்பழம் ஆறு, ஒருநாள் முழுக்க வெயில். போய்விட்டது என்று நினைத்துக் கிரில்லில் கட்டினாள். மறுநாள் காலை கதவைத் திறந்தால் வராந்தாவில் நான்கு பூனை.

பத்து மணிக்கு வேம்பு இறங்கி வந்தார். "நோரா, தப்பா நெனச்சுக்காதேம்மா. மாடிக்கு ஒரு வாசனை வந்துண்டே இருக்கு. சமையல் வாசனையாவும் தெரியலை."

நோரா மறைக்கவில்லை. அவர் வலையைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். ஒரு முடிச்சைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். மீன் பிடிக்கிற வலையா, நிஜமாகவே கடலுக்குப் போனதா என்று கேட்டார். போனது என்றாள். கழற்றச் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"வெண்கலப் பாத்திரத்துல என்ன ஒட்டினாலும் புளி எடுத்துடும். புளித்தண்ணில ஒருநாள் ஊறப்போட்டுப் பாரேன்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அரைக்கிலோ பழம்புளி செலவாயிற்று. வாசனை போயிற்று. பூனைகள் இரண்டு நாள் வந்து ஏமாந்து பிறகு நின்றன.

ஈஸ்டர் வந்தபோது கொடி கிரில்லின் பாதிக்கு ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம் நீலப் பூ விரிந்தது. மஞ்சள் டப்பாக்களில் பத்துமணிப் பூ, கரும்பச்சை அடித்த ஜன்னல் கதவு சுவரில் சாய்ந்திருக்க, மீட்டர் பெட்டி அதன் பின்னால் ஒளிந்துகொண்டது. தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். துப்புரவு வண்டி ஓட்டி வரும் பெண் நட்டுக்கொள்ளப் பத்துமணிப் பூவில் ஒரு கிள்ளு கேட்டாள். அடுத்த வாரம் அவள் பதிலுக்கு ஒரு சிவப்புக் கிள்ளு கொண்டுவந்து கொடுத்தாள். நோரா விடைத்தாள் கட்டோடு வராந்தாவில் உட்கார ஆரம்பித்தாள். உட்கார்ந்தாள் என்றால் ஒரு கட்டு திருத்துவதற்குள் நான்கு முறை எழுந்து ஒரு டப்பாவை இந்தப் பக்கம் நகர்த்துவாள். ஆனாலும் திரும்ப வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேம்புவின் மகன் அனிருத் பெங்களூரில் இருந்தான். சனி ஞாயிறு அப்பாவைப் பார்க்க வந்தவன் கேட்டைத் திறந்தவுடன் அப்படியே நின்றுவிட்டான். சூப்பரா பண்ணியிருக்கீங்க ஆன்ட்டி என்று சொல்லிப் போனை எடுத்து நாலைந்து படம் பிடித்தான். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று நோராவே செருப்பு ஸ்டாண்டை நகர்த்திக் கொடுத்தாள்.

புதுநன்மைக்கு முந்தின வியாழக்கிழமை. ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் ஷண்முகப்ரியா தன் தம்பிக்காக மந்தைவெளிப் பக்கம் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள். போனை நோராவின் முன்னால் நீட்டி, இது உங்க வீட்டு வாசல் மாதிரியே இருக்கே என்று கேட்டாள்.

மாதிரி இல்லை, அதேதான். நடுவில் நீல வலை, பூவோடு. கீழே எழுதியிருந்தது: மந்தைவெளியில் காற்றோட்டமான கீழ்த்தளம், அழகான முன் வராந்தா, ஜூன் ஒன்று முதல். வாடகை முப்பத்தெட்டாயிரம். சைவக் குடும்பத்துக்கு மட்டும்.

நோரா மூன்று முறை படித்தாள். எங்க வீட்டு ஓனர் மாடியைத்தான் விடுகிறார் போலிருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு, ஏழாம் வகுப்பு விடைத்தாளில் சரியான விடையைத் தப்பென்று சுழித்தாள்.

வீடு மாறுவது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. பெரும்பாலும் அவள்தான் முதலில் சொன்னவள். பஸ்ஸில் வரும்போது அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள்: எப்படியும் அடுத்த வருஷம் நாமே கிளம்பியிருப்போம், இது என்ன பெரிய விஷயம். அடையாறு பாலம் தாண்டியபோது அந்தச் சமாதானம் எடுபடவில்லை. போக வேண்டாம் என்று இருந்தது. எந்த வீட்டைப் பற்றியும் அவளுக்கு அப்படித் தோன்றியதில்லை, அதனால் அது என்னவென்று அவளுக்கே சட்டென்று பிடிபடவில்லை. அஜீரணம் என்று நினைத்து வீட்டுக்கு வந்ததும் சீரகத்தண்ணீர் குடித்தாள்.

புதுநன்மை முடிகிற வரை ஸ்தனிஸ்லாஸிடம் சொல்லக் கூடாது என்று தீர்மானித்தாள். சொல்லாமல் இருப்பதற்குக் கைக்கு வேலை வேண்டியிருந்தது. வியாழன் சாயங்காலம் பூ டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றினாள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும், இந்த அழகால்தானே வந்தது என்று ஒரு வேகம் பிடித்தது. கொடி நட்டதை விட்டுவிட்டு மற்ற டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சமையலறைக்குள் அடுக்கினாள். ஜன்னல் கதவை எடுத்தாள். மீட்டர் பெட்டியும் விரிசலும் பழையபடி பல்லைக் காட்டின. வலையின் முடிச்சில் கைவைத்தபோது ஷில்பா வந்து, ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் இருக்காதா அம்மா என்று கேட்டாள். தரையைக் கழுவத்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டு, நோரா நிஜமாகவே தரையைக் கழுவினாள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப வைத்தாள். இந்த இழுபறியில் ஒரு சங்குப்பூக்கொடி அடியோடு முறிந்திருந்தது. அதை யாரும் பார்க்காமல் கேட்டுக்கு வெளியே போட்டாள்.

சனிக்கிழமை காலை ஸ்டூல் மேல் ஏறி, கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சீரியல் பல்பை வலையில் கோத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே ஒரு இளம் ஜோடி வந்து நின்றது. வீடு பார்க்க வந்தோம், அனிருத் சார் அட்ரஸ் அனுப்பினார் என்றார்கள். பெண்ணின் பெயர் ஸ்நேஹா.

ஸ்தனிஸ்லாஸ் உள்ளே நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தவன் சத்தம் கேட்டு வந்து அவள் பின்னால் நின்றான். எந்த வீடு என்று கேட்டான். இதுதானே என்று ஸ்நேஹாவின் கணவன் போனைக் காட்டினான். ஸ்தனிஸ்லாஸ் படத்தைப் பார்த்தான், வராந்தாவைப் பார்த்தான், பிறகு நோராவைப் பார்த்தான். அவள் ஆச்சரியப்படவில்லை என்பதை அவன் கவனித்துவிட்டான்.

நோரா இறங்கினாள். வந்தவர்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்நேஹா நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்து, போட்டோவைவிட நேரில் நன்றாக இருக்கிறது என்றாள். அந்த வலையை ஆன்லைனில் வாங்கினதா என்று கேட்டாள்.

"இல்லம்மா. மீன் வலை. ஒல்காட் குப்பத்துல வாங்கினது."

ஸ்நேஹா சிரித்துவிட்டாள். "வெஜ் ஒன்லின்னு போட்டிருந்தாங்களே?"

"நாங்க வெஜ் இல்லை," என்றாள் நோரா.

ஸ்நேஹா தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு அந்தப் பையன் தயங்கி, நீங்கள் எப்போது காலி செய்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

"நாங்க காலி பண்ணலை."

குரல் உயரவில்லை. ஆனால் பதினான்கு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து ஸ்தனிஸ்லாஸ் கேட்டதில்லை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்நேஹா மன்னிப்புக் கேட்டாள். போகும்போது பத்துமணிப் பூவில் ஒரு கிள்ளு கிடைக்குமா என்று கேட்டாள். நோரா இரண்டு நிறத்திலும் கிள்ளி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

கேட் சாத்தியதும் ஸ்தனிஸ்லாஸ், எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டான். வியாழக்கிழமை என்றாள். அதற்குள் அவள் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள். அவன் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் போனான்.

வேம்பு பூஜையை முடித்துவிட்டு நெற்றியில் ஈரத்தோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நோரா ஷண்முகப்ரியா காட்டிய விளம்பரத்தைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, எழுத்தெழுத்தாகப் படித்தார். கடைசி வரியில் அவர் முகம் சுருங்கியது. அவர் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் நோரா. வாடகை கம்மியா இருக்குன்னு அனிருத்கிட்ட சொன்னது நான்தான். உன்கிட்ட கேக்கணும்னு ரெண்டு மாசமா நெனச்சுண்டிருக்கேன், வாய் வரலை. இந்தப் படமும் இந்த எழுத்தும் எனக்குத் தெரியாது."

நோராவுக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை வைக்க இடம் கிடைக்கவில்லை. அவள் நின்றபடியே பேசினாள். வாடகை ஏற்ற வேண்டுமானால் ஏற்றுங்கள், கேளுங்கள், எங்களால் முடிந்ததைச் சொல்கிறோம் என்றாள். பிறகு, "ஆனா அங்கிள், போட்டோல இருக்கிறது எல்லாம் என் சாமான். அதைக் காட்டி, நாங்க இருக்கக் கூடாதுன்னு எழுதினா எப்படி?" என்றாள். 

வேம்பு அங்கேயே மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடத் தெரியாமல் இரண்டு முறை கட் ஆயிற்று. அனிருத் முதலில் வாதாடினான். ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது, பங்ஷன் முடியட்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன், அந்தத் தெருவில் இதுதான் ரேட் என்றான். சைவம் என்று போட்டது இணையதளத்தில் தானாக வந்த கட்டம், டிக் அடித்துவிட்டேன் என்றான். வேம்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வீடு என் பேர்ல இருக்கு அனிருத். மொதல்ல அதை எடு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வீடு நிரம்பிவிட்டது. வெள்ளை கவுனோடு ஷில்பா ஆரஞ்சு நாற்காலியில் உட்கார, எல்லோரும் முறை போட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முறிந்த கொடி இருந்த இடத்தில் வலை வெறுமையாகத் தெரிந்தது. நோராவின் கண்ணுக்கு மட்டும் அது மட்டுமே தெரிந்தது. விருந்து நடுவில் இரண்டு முறை எழுந்து போய்ப் பக்கத்துக் கொடியை அந்தப் பக்கம் இழுத்துக் கட்டினாள். வேம்பு மதியம் இறங்கி வந்து ஷில்பாவின் கையில் ஐந்நூறு ரூபாய்க் கவர் ஒன்றைக் கொடுத்து, வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டு, பிரியாணி அண்டாவிலிருந்து தள்ளி வராந்தா ஓரத்தில் கால்மணி நேரம் நின்றார். உறவுக்காரர் ஒருவர் வலையைக் காட்டி ஏதோ கேட்டபோது, புளித்தண்ணீர் விஷயத்தைத் தன் கண்டுபிடிப்பாக விளக்கிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பேசி முடித்தார்கள். இருபத்தாறாயிரம். ஸ்தனிஸ்லாஸ் புது ஸ்கூட்டர் எண்ணத்தைத் தள்ளிப்போட்டான். பதினோரு மாதம் போதாது, இரண்டு வருஷம் எழுதித்தர வேண்டும் என்று நோரா கேட்டாள். வேம்பு யோசித்துச் சரி என்றார். முத்திரைத்தாளில் கையெழுத்தாகி வந்ததும் அவள் அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். பிறகு எடுத்துப் பீரோவுக்குள் வைத்தாள்.

"ரெண்டு வருஷம்," என்றாள் ஸ்தனிஸ்லாஸிடம். "ரொம்ப நீளமாத் தெரியுதுங்க."

"நீதானே கேட்ட?"

"ஆமா. நான்தான் கேட்டேன்."

மே மாதம் நான்காம் தேதி கத்திரி பிறந்தது. மேற்கு வெயில் நேராக வராந்தாவில் விழுந்தது. ஒரு வாரத்தில் சங்குப்பூ இலைகள் ஓரம் கருகின. வழக்கமாக இந்த நேரத்தில் அவள் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டு வேறு வீட்டைப் பார்க்கத் தொடங்கியிருப்பாள். அவளுக்குத் தெரிந்த செடிகளெல்லாம் ஆறு வாரத்தில் பூத்து முடிகிறவை.

சனிக்கிழமை அடையாறில் ஒரு நர்சரிக்குப் போனாள். வராந்தாவுக்கு நிழல் தர என்ன வைக்கலாம் என்று கேட்டாள். அந்த ஆள் பவழமல்லியைக் காட்டினார், மனோரஞ்சிதத்தைக் காட்டினார். நின்று பூக்க வருஷம் ஆகும் மேடம், ஆனா அப்புறம் பார்த்துக்கவே வேணாம் என்றார். நோரா இரண்டையும் கையில் எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். அதற்குள் வேறு யாரோ வந்து தங்கள் செடிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அரைமணி நேரம் கழித்து, யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வெறுங்கையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.